மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு

முதலில் எனக்குக் கோபம் வந்தது அந்தக் கோட்டின் மீதுதான். பாதி அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு சாய்ந்த கோடு. எழுத்துக்கு மேலே இருந்தால் ஒரு சத்தம், கீழே இருந்தால் இன்னொரு சத்தம். நாற்பத்தாறு வயதில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புத்தளத்தில் ஒரு வீட்டின் முன்மண்டபத்தில், என் மகளைவிட இரண்டு வயது இளைய ஓதிக்கொடுக்கும் மௌலவியா ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்து அதைப் படித்தேன். பா என்ற அரபி எழுத்துக்கு மேலே கோடு, ப. கீழே கோடு, பி. மேலே தலை சுருண்ட சின்னக் குறி, பு. சுற்றியிருந்த எட்டுப் பெண்களும் சேர்ந்து சொல்ல, நானும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மாமியின் மௌத்து, அவர் இறந்துபோனது. மாமி என்றால் என் கணவரின் தாய். அவர் மௌத்தான ஏழாம் நாள் கற்பிட்டியில் எங்கள் வீட்டில் பெண்கள் கூடிக் குர்ஆன் ஓதினார்கள். முப்பது பாகங்களும் தனித்தனி மெல்லிய புத்தகங்களாக ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஆளுக்கொன்றை எடுத்து ஓதினால் மதியத் தொழுகையான லுஹருக்கும் மாலைத் தொழுகையான அஸருக்கும் இடையில் முழுவதும் முடிந்துவிடும். இத்தனை வருடங்களாக எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முப்பதாம் பாகத்தைத்தான் எடுப்பேன். அதில் இருப்பவை சின்னச் சின்ன சூராக்கள், அத்தியாயங்கள். பெரும்பாலும் எல்லாமே எனக்குக் கேட்டுக் கேட்டுப் பாடமானவை. புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு மனத்தில் இருப்பதை ஓதுவேன். எந்த இடத்தில் பக்கம் புரட்ட வேண்டும் என்பதும் எனக்குப் பழகியிருந்தது.

அன்று சமையலறை வேலையை முடித்துவிட்டு வரப் பிந்திவிட்டது. முப்பதாம் பாகத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். என் கைக்கு வந்தது பதினேழாவது. திறந்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தேன். தெரிந்த ஒரே நீளமான சூராவைத் திரும்பத் திரும்ப மெதுவாக ஓதினேன். பக்கத்தில் மாமியின் தங்கை இருந்தார். அவரைச் சாச்சி என்போம். கண்ணில் படலம் விழுந்தவர். தன் புத்தகத்தை என் பக்கம் நீட்டி ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு கோடு மேலயா ஈக்கிது, கீழயா மகள்? என்ட கண்ணுக்கு தெரியிதில்ல. ஓதிக் காட்டுங்க."

கோடு கீழே இருப்பது எனக்குத் தெரிந்தது. கீழே என்று சொன்னேன். சாச்சிக்கு அது போதவில்லை, சொல்லை ஓதச் சொன்னார். எழுத்துகள் ஒவ்வொன்றும் யாரென்று எனக்குத் தெரியும். ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு சொல்லாக்கி வாயால் எடுக்க எனக்குத் தெரியாது. இருமல் வந்ததைப் போல வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். அந்தப் பக்கமிருந்த பெண் அந்தச் சொல்லைப் படித்துக் கொடுத்தது கிணற்றடி வரை கேட்டது. ஒரு விநாடியில் படித்துவிட்டாள்.

வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பொய். வெட்கம் எனக்குப் பழக்கப்பட்டது, கலியாணமான நாளிலிருந்து கூடவே இருக்கிறது. அன்று கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

நான் பிறந்தது கண்டக்குழியில். வாப்பாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. எனக்கு ஒரு நானா, அதாவது அண்ணன், என்னைவிட ஒரு வயது மூத்தவர். காலையில் இருவரும் பள்ளிக்கூடம் போவோம், அஸருக்குப் பிறகு ஓதப்பள்ளிக்குப் போவோம். ஆறு வயதில் தொடங்கினேன். அலிஃபிலிருந்து யா வரை எல்லா எழுத்தையும் நானாவுக்கு முன்னால் நான் முடித்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஓதிக்கொடுக்கும் லெப்பை என்னைத்தான் எழும்பி நின்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்வார். எழுத்து முடிந்து, கோடு போட்ட பாடம் தொடங்கி மூன்றாம் நாள், உம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. உம்மா எழும்ப முடியாமல் படுத்துவிட்டார். ஒரு பிள்ளையை என் மடியில் போட்டார்கள். அடுத்த மாசம் போகலாம் என்றார்கள். ஒரு பிள்ளை தவழத் தொடங்க மற்றது காய்ச்சலில் விழுந்தது. பிறகு நோன்பு வந்தது, பிறகு கருவாடு காயப்போடும் காலம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பினார்கள். அஸருக்குப் பிறகு நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவார். நான் இடுப்பில் ஒன்றையும் கையில் ஒன்றையும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நான்கு வருடம் கழித்து நானா குர்ஆனை முடித்தார். வீட்டில் துஆ ஓதினார்கள். உம்மா வட்டிலப்பம் அவித்து அயலுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் புதுச் சட்டை போட்டு, நானாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வந்தவர்களிடம் உம்மா, ரெண்டு பேரும் முடிச்சிட்டாங்க என்று சொல்வது எனக்குக் கேட்டது. எனக்குப் பதினொரு வயதாகவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் வட்டிலப்பம் சாப்பிட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. சட்டை அழகாக இருந்தது.

அந்தப் பொய் என்னோடு கலியாண வீடு வரை வந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் பிள்ளை ஓதி முடித்தவளா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஓம் என்றார் வாப்பா. கற்பிட்டிக்கு வந்த பிறகு, தமிழ் எழுத்தில் அச்சடித்த சூராப் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கி அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஆள் இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துப் பாடமாக்குவேன். அரபியில் வேறு வேறான நான்கு சத்தங்களைத் தமிழில் ஒரே எழுத்தால் எழுதியிருக்கும். நான் ஓதுவது சரியா பிழையா என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால் குட்டு வெளிப்படும். இப்படி இருபத்தைந்து வருடம்.

ஏழாம் நாள் ஓதல் முடிந்த அடுத்த கிழமை நான் வகுப்பைத் தேடிப் பிடித்தேன். கற்பிட்டியிலும் பெரிய பெண்களுக்கு வகுப்பு உண்டு. அங்கே போனால் அந்தித் தொழுகையான மஃரிபுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நான் வீட்டில் அபாயா தைத்துக் கொடுப்பவள். செவ்வாய்தோறும் துணி எடுக்கப் புத்தளம் போவது வழக்கம். அதே செவ்வாயில் அங்கே ஒரு வகுப்பு இருப்பதைத் துணிக்கடையில் விசாரித்து அறிந்தேன். பஸ்ஸில் போய் இறங்கி, ஆட்டோ பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

முதல் நாளே மௌலவியா ஒரு பேச்சுக்கு, பயப்படாதீங்க, சின்னப் பிள்ளைகள் இதை மூன்று நாளில் படித்துவிடும் என்றாள். தைரியம் கொடுக்கத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள். சரியாக மூன்று நாள்தான் எனக்கும் கிடைத்தது.

தமிழ் படித்த கண்ணுக்கு அந்தக் கோடு லேசில் வசப்படாது. தமிழில் க என்று எழுதினால் அதற்குள்ளேயே அ இருக்கிறது. அரபியில் எழுத்து மட்டும் மொட்டையாக நிற்கும், சத்தம் வெளியிலிருந்து வர வேண்டும். மேலே கோட்டைக் கண்டால் நான் நீட்டிவிடுவேன். ப என்று வெட்டிச் சொல்ல வேண்டியதைப் பா என்று இழுப்பேன். நீட்டினால் அது வேறு எழுத்து என்று மௌலவியா ஒவ்வொரு முறையும் நிறுத்தினாள். காஃப், தா, பா என்ற மூன்று எழுத்தைப் பலகையில் எழுதினாள். மூன்றுக்கும் மேலே கோடு போட்டால் கதப, அதாவது எழுதினான். முதலாவதுக்குச் சுருண்ட குறி, இரண்டாவதுக்குக் கீழ்க்கோடு போட்டால் குதிப, அதாவது எழுதப்பட்டது. அதே மூன்று எழுத்துதான். வகுப்பில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். இத்தனை வருடமும் எதையெல்லாம் எப்படி ஓதித் தொலைத்தேனோ என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாம் செவ்வாய் எல்லோரையும் ஒவ்வொருவராக ஓதச் சொன்னாள். எனக்கு வந்தது ஒரு சின்ன சூரா. கடகடவென்று ஓதி முடித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். மௌலவியா எழுந்து வந்து என் புத்தகத்தைத் திருப்பி, நான் கண்டிராத ஒரு பக்கத்தில் நடுவரியில் விரலை வைத்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"மாமி, நீங்க பாத்து ஓதல்ல. ஞாபகத்துல இருந்து செல்றீங்க," என்றாள்.

பின்னால் ஒருத்தி சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் வந்த சிரிப்பு. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். துணிக்கடைக்கும் போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து பாலாவியைத் தாண்டும் வரை அந்தப் பெண்ணைத் திட்டினேன். பிறகு உப்பு வயல்கள் வந்தன, திட்ட வேண்டியது அவளையில்லை என்று புரிந்தது. கற்பிட்டியில் இறங்காமல் வழியிலேயே கண்டக்குழிச் சந்தியில் இறங்கினேன்.

உம்மா இப்போது நானாவோடு இருக்கிறார். எங்கள் பழைய வீட்டை நானா இடித்து, கடல் பக்கம் மூன்று அறைகள் கட்டி வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார். நான் போனபோது இரண்டு பேர் காற்றில் பறக்கிற பெரிய பட்டத்தை மணலில் பரப்பி உதறிக்கொண்டிருந்தார்கள். நானா தேத்தண்ணி குடித்துக்கொண்டு கைபேசியில் அறை கேட்ட யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். உம்மா பக்கத்தில் கதிரையில் இருந்து முருங்கைக் கீரை உருவினார். சலாம் சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை, கேட்டேன். என்னை ஓதப்பள்ளியில் இருந்து எடுத்தது சரி, முடித்துவிட்டேன் என்று ஏன் ஊருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

உம்மா கீரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ முடிச்சாய்தானே. வட்டிலப்பம் அவிச்சி ஊருக்கே குடுத்தனே."

அது நானாவுக்கு என்றேன். இருவருக்கும்தான் என்றார் உம்மா. நான் எழுத்தோடு நின்றவள் என்றேன். பைத்தியமா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நடிக்கவில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததாகிவிட்டது. நடிப்பவர்களோடு சண்டை பிடிக்கலாம். நம்புகிறவர்களோடு என்ன செய்வது.

பையில் இருந்த பாடப் புத்தகத்தை எடுத்து நானாவுக்கு முன்னால் போட்டேன். நானா, நீங்க சொல்லுங்க என்றேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார். என்ன விஷயம் என்று விளங்காமல், ஒரு கையில் கைபேசியோடு, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஓதிக் காட்டினார். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயரை வாசிக்கிற மாதிரி ஓதினார். நோன்பு மாதம் தவிர அவர் குர்ஆனைத் தொடுவதில்லை என்று அவர் மனைவியே என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். ஆனாலும் ஒரு கோடு அவரைத் தடுக்கவில்லை. நான் மூன்று கிழமையாக வேர்த்து வேர்த்துப் படிக்கிற பக்கம் அது.

"அவ்வளவுதானே," என்றார். "இதுக்கா இந்தக் கோபம்?"

மேசையை நான் தட்டியதில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. மணலில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரிந்தும் குரலை இறக்க முடியவில்லை.

"ஒங்களுக்கு அவ்வளவுதான் நானா. நீங்க போனீங்க. ஒவ்வொரு நாளும் என்னத் தாண்டித்தான் போனீங்க. முடிச்சிட்டன்னு ஒங்களுக்குப் பக்கத்தில என்ன உக்கார வெச்ச நேரம் நீங்களும் ஒண்டும் செல்லல்ல."

எனக்கு அப்போது பதினொரு வயது என்றார் நானா. எனக்குப் பத்து என்றேன். அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சிந்திய தேத்தண்ணி புத்தகத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தது, சாரனின் நுனியால் அதைத் துடைத்தார். பிறகு உம்மாவின் பக்கம் திரும்பி, மெதுவாக, "அவ முடிக்கல்ல உம்மா. பேபிமார் பொறந்த நேரம் அவள எடுத்திட்டீங்க. எனக்கு ஞாபகம் ஈக்கிது," என்றார்.

உம்மாவின் கை நின்றது. கையிலிருந்த காம்பைத் தட்டில் போட்டார். அவர் பேசியபோது அவருக்கும் கோபம் வந்திருந்தது.

"அப்ப அந்த ரெண்டையும் யாரு தூக்குற? ஒங்கட வாப்பா கடல்ல. எனக்கு எழும்பேலா. ஆம்புளப் புள்ளய நிப்பாட்டவா? ஓதாத பொம்புளப் புள்ளயன்னு செல்லியிருந்தா, ஒன்ன யாரு கேட்டு வந்தீப்பாங்க?"

முதல் கேள்வி நியாயம்தான். அந்தக் குழந்தைகளை யாராவது தூக்கத்தான் வேண்டும். ஆனால் அவை ஓடித் திரியத் தொடங்கிய பிறகும் ஏன் என்னை அனுப்பவில்லை என்பதற்கும், எனக்காக ஒரு பொய்யைச் சொல்லி அதைக் காலம் முழுக்க என்னையே காவல் காக்க வைத்ததற்கும் அது பதிலாகாது. அதைச் சொன்னேன். உம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானா என்னைச் சந்தி வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தைந்து வருடப் பொய்யைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எனக்குத் தெரியும் என்றார். கலியாணம் முடித்த இரண்டாம் வருடம் அலுமாரியில் தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாராம். நான் சங்கடப்படுவேன் என்று கேட்காமல் விட்டாராம். நல்ல மனிதர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் மகளுக்கு ஒவ்வொரு மஃரிபுக்குப் பிறகும் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நான் பக்கத்து அறையில் தையல் மெஷினில் இருந்தேன். வா, நீயும் உட்காரு என்று ஒருநாள் சொல்லியிருந்தால் போதும். அதையும் அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றியதாக அவர் நினைத்திருந்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த செவ்வாய் வகுப்புக்குப் போனேன். மௌலவியாவை ஓரமாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவள் ஐயோ பாவம் என்று முகத்தை மாற்றவில்லை. அது எனக்குப் பிடித்தது. அப்படியென்றால் உங்களுக்குப் பாடமாகத் தெரிந்த எதையும் நான் தரமாட்டேன் என்றாள். அன்றிலிருந்து அர்த்தமே இல்லாத சொற்களாக எழுதித் தந்தாள். முன்னால் கேட்டிராத சொல்லை ஊகிக்க முடியாது. கோட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பென்சிலை அழுத்தி அழுத்தி என் கொப்பியின் தாள்கள் கிழிந்தன. மூக்கால் சிரித்த பெண் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கும் சுருண்ட குறியும் வாவ் எழுத்தும் குழம்புகிறது என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. குழம்புகிற இடத்தைக் காட்டிக் கொடுத்தேன்.

மகளிடம் சொல்வதைத்தான் தள்ளிப்போட்டேன். அவள் சிலாபத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். சிறுவயதில் ஓதலில் சந்தேகம் என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் முதலில் ஓடி வருவாள். எனக்கு வேலை இருக்கிறது, வாப்பாவிடம் போ என்று விரட்டுவேன். சில நாள் கடுமையாகவே விரட்டியிருக்கிறேன். நெருங்கி வந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம். கொஞ்ச நாளில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். ஓதலுக்கு மட்டுமில்லை, எதற்குமே.

தொலைபேசியில் சொன்னேன்.

"அதுக்குத்தானா என்ன தொரத்தினீங்க?" என்றாள். "ஒங்களுக்கு என்ன புடிக்காதுன்னு நெனச்சன் உம்மா. எத்தன வருஷம் அப்பிடி நெனச்சன் தெரியுமா?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். ஒரு கிழமைக்கு மேல் எடுக்கவில்லை. உம்மாவின் வீட்டு மேசையைத் தட்டிய அதே கையை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தக் கிழமை முழுக்க இருந்தேன். என்னிடம் கோபப்பட அவளுக்கு இருந்த காரணம், உம்மாவிடம் கோபப்பட எனக்கிருந்த காரணத்தைவிடச் சின்னதில்லை. அதற்காக என் கோபம் தணிந்துவிடவில்லை. இரண்டும் இருந்தன.

பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தாள். இரண்டு நாள் சாப்பாட்டைப் பற்றியும் சிலாபத்து வெக்கையைப் பற்றியும் மட்டும் கதைத்தாள். மூன்றாம் நாள் முற்பகல் நான் ஒரு அபாயாவுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது, அறைக்குள் வந்து, புத்தகம் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தேத்தண்ணிக் கறை பட்ட ஓரத்தை ஒருதரம் பார்த்தாள், ஏனென்று கேட்கவில்லை. வெட்டிய துணிகளைத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

முதல் வரியில் ஏழு சொற்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஓதினேன். நான்காவது சொல்லில் தடுமாறி, திரும்பிப் போய், சரிசெய்தேன். அவள் உதவவில்லை, தலையாட்டவும் இல்லை. அவள் முகம் இறுகித்தான் இருந்தது. வரி முடிந்தது.

"அடுத்தது," என்றாள்.

நான் விரலைக் கீழே இறக்கினேன்.